ஒரு வாளி பழைய தண்ணீர்

அந்தக் கட்டடத்தின் மாடிப்படிகள் மொத்தம் ஐம்பத்து நான்கு. அம்மிணி எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை. ஜகந்நாதன் மாமா எண்ணினார். அதுவும் அவளைத் தூக்கிக்கொண்டு எண்ணினார்.

பம்பாய் மாதுங்காவில் மூன்றாவது மாடியில் அம்மிணியின் வீடு. எதிர்வீடு ஜகந்நாதன் மாமாவுடையது. சொந்த மாமா இல்லை, பெயருக்கு மாமா. டிராம்பேயில் வேலை. கல்யாணம் ஆகாத தனிக்கட்டை.

போன வருஷம் மழைக்காலத்தில் அம்மிணி வழுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. அவளைத் தூக்கலாம் என்றால் அப்பா பஞ்சாபகேசனுக்கு இடுப்புப் பிடிப்பு. ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே மூன்று நாள் படுத்துவிடுவார். “இந்த வருஷம் படிப்பு போச்சு” என்று எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். அந்தப் பேச்சு எதிர்வீட்டு மாமாவின் காதில் விழுந்தது.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு அவர் வந்து நின்றார். அம்மிணியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, ஓடிப்போய் பஸ் பிடித்தார். சாயங்காலம் அவர் ஆபீஸிலிருந்து வரும்வரை அம்மிணி கீழ்வீட்டு அகிலாண்டம் மாமியிடம் உட்கார்ந்திருப்பாள். அவர் வந்ததும் மறுபடியும் ஐம்பத்து நான்கு படி. ஆறு வாரமும் இப்படித்தான்.

அம்மிணி தினமும் நன்றி சொல்லப் பார்த்தாள்.

“மாமா, நீங்கோ எனக்காக இவ்வளவு...”

“பேசாதே அம்மிணி. எண்ணிண்டிருக்கேன். தப்பிடும்.”

ஐம்பத்து நான்கு வந்ததும் இறக்கி விட்டுவிட்டுப் போய்விடுவார். கட்டுப் பிரித்த அன்று அவளே எதிர்வீட்டுக்கு நடந்து போனாள். “மாமா, ரொம்ப...” என்று ஆரம்பித்தாள். “எங்கே, ஓடிக் காட்டு பாப்போம்” என்றார். ஓடிக் காட்டிவிட்டு வந்தாள். சொல்ல வந்ததை அன்றைக்கும் சொல்லவில்லை. அது அவள் மனசிலேயே கிடந்தது.

ஜகந்நாதன் மாமாவுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. மீன். சாப்பிடுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி இருந்தது. இந்த வருஷம் அவருக்கு டிஸ்கஸ் மீன்மேல் ஆசை வந்துவிட்டது. தாராவியில் மீன்கடை வைத்திருக்கும் நாகூர் மீரான் பாய், கப்பலில் ஆறு டிஸ்கஸ் வந்து இறங்கியிருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாமா அம்மிணியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

தகரக் கூரை போட்ட சின்னக் கடை. உள்ளே வரிசையாகத் தொட்டிகள். கடைசித் தொட்டியில் அந்த ஆறும் இருந்தன. பழுப்பு உடம்பு, மேலிருந்து கீழாகக் கோடுகள், முகத்தருகே நீல நெளிவு. பக்கவாட்டில் பார்த்தால் முழு வட்டம். நேருக்கு நேர் திரும்பினால் வெறும் கோடு.

“பப்படம் மாதிரி இருக்கு” என்றாள் அம்மிணி. பாலக்காட்டு வீடு அவர்களுடையது. அங்கே அப்பளம் கிடையாது, பப்படம்தான்.

மீரான் பாய் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். “எடுத்ததும் நிறத்தைப் பாக்காதீய ஸார்” என்றார். “மொதல்ல கண்ணைப் பாருங்க. உடம்பு சின்னதா, கண்ணு மட்டும் பெருசா இருந்தா, அது சின்னதுல பட்டினி கெடந்த மீனு. வளராது. நெத்தி ஒட்டிப் போயிருந்தாலும் வேண்டாம். மூலையில ஒதுங்கிக் கறுத்துப்போய் நின்னா சீக்குன்னு வச்சுக்கிடுங்க.”

மாமா மூன்று மீன்களைக் காட்டினார். நாலாவதாக, இருப்பதிலேயே பெரிய மீன்மேல் அவருக்குக் கண். அதன் நீலம் அப்படி மின்னியது.

பாய் ஒரு சிட்டிகை புழுவைத் தூவினார். ஐந்து மீன்கள் பாய்ந்து வந்தன. பெரியது முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. துடுப்பின் ஓரத்தில் சின்னக் கிழிசல் உள்ள ஒரு மீன் மட்டும், தின்று முடித்துவிட்டு நேராக அம்மிணியிடம் வந்தது. அவள் விரலைக் கண்ணாடியில் வைத்தாள். அது விரலைப் பார்த்தது. விரல் வலது பக்கம் போனால் அதுவும் வலது பக்கம் போயிற்று.

“மாமா, பெரிசு சாப்பிடவே இல்லை. இதை வாங்கிக்கலாம்” என்றாள்.

“அதுவா பாப்பா, மூணு நாளா ஒண்ணும் திங்கல” என்றார் பாய். “நானே ஸார்ட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“எப்போ சொல்றதா இருந்தீங்க?” என்று கேட்டார் மாமா.

“நீங்க கேட்டதும்” என்றார் பாய். கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

நாலாவதாக வாங்கிய கிழிசல் துடுப்புக்காரனுக்கு அம்மிணி அங்கேயே ‘பப்படம்’ என்று பெயர் வைத்துவிட்டாள். கிளம்பும்போது பாய் மாமாவின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஒண்ணு சொல்லுதேன், மறந்துராதீய. குழாய்த் தண்ணியை நேரா ஊத்தக் கூடாது. அதுல மருந்து கலந்திருக்கான். நம்மளை ஒண்ணும் செய்யாது, இதுக்குச் செவுளு வெந்துபோவும். பழைய தண்ணிதான் ஊத்தணும், பிடிச்சு வச்சு மருந்து வாடை போன தண்ணி. செம்புல, பித்தளையில வச்சது ஆகாது, மண்பானைத் தண்ணிதான் நல்லது. ரொம்பக் குளுந்தும் இருக்கப்படாது. பச்சப்புள்ளையைக் குளிப்பாட்டுத சூடு.”

“இதுக்குக் கல்யாணம் பண்ணிண்டு பிள்ளையே பெத்து வளர்த்திருக்கலாம் போலிருக்கே” என்றார் மாமா.

ஒரு மாதம் நன்றாகப் போயிற்று. ஏப்ரலில் மாமாவுக்கு டில்லியில் எட்டு நாள் ஆபீஸ் வேலை வந்தது. அவர் வீட்டுச் சாவியோடு வந்து நின்றார்.

“அம்மிணி, என் பப்படங்களைப் பார்த்துக்கிறியா?”

அம்மிணிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஆறு வாரம் சுமந்த மனுஷன் முதல்முறையாக அவளிடம் ஓர் உதவி கேட்கிறார். வாயால் சொல்ல விடாததை இப்படியாவது செய்து காட்டிவிடலாம். நாலு மீனும் நாலாகவே அவர் கையில் திரும்பப் போக வேண்டும். அவ்வளவுதான்.

மாமா ஒரு சீட்டு எழுதித் தொட்டியில் ஒட்டியிருந்தார். ‘தினமும் காலை. புழு ஒரு சிட்டிகை. ஒரு வாளி தண்ணீரை எடுத்துவிட்டு, ஒரு வாளி பழைய தண்ணீர் ஊற்றவும்.’ கதவுக்குப் பின்னால் ஒரு பெரிய மண்சால் வைத்து, பலகை போட்டு மூடியிருந்தார். பழைய தண்ணீர் அதில்தான். எடுக்க எடுக்க நிரப்பி வைக்க வேண்டும். அம்மிணிக்கு இதெல்லாம் தலைகீழாகத் தெரியும். சீட்டைப் படிக்கக்கூட இல்லை.

அம்மாவுக்கு ஒரே ஒரு வருத்தம். “புழுவைத் தொட்டுட்டு அப்படியே அடுக்களைக்குள்ளே வரப்படாது. கை கால் அலம்பிண்டு வா” என்றாள். மீன் இருக்கும் அந்த வீட்டு வாசற்படியை அம்மா மிதித்ததே இல்லை.

ஐந்து நாள் சரியாகப் போயிற்று. ஆறாம் நாள் கணக்குப் பரீட்சை. விடிந்ததும் விடியாததுமாகப் போக வேண்டும். அப்பா இடுப்புப் பிடிப்புக்காக அன்று லீவில் இருந்தார்.

“அப்பா, இன்னிக்கு மட்டும் மீனைப் பார்த்துக்கறேளா? எல்லாம் சீட்டுல எழுதியிருக்கு.”

“எழுதியிருந்தாப் போறும். எழுதினபடி பண்ணிடறேன்” என்றார் பஞ்சாபகேசன். ஆபீஸில் அவருக்கு அப்படித்தான் பெயர். ஒரு காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதில் ஓர் எழுத்துப் பிசகாமல் செய்வார்.

பரீட்சை முடிந்து ஒரு மணிக்கு அம்மிணி வந்தாள். அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஒரு கை இடுப்பில். முகத்தில் பெருமை.

“பண்ணிட்டேன் அம்மிணி. நம்மாத்துல அரைச் சொம்புதான் இருந்தது. ஒரு வாளி வேணுமே. கட்டடத்துல மத்த பதினோரு ஆத்துலயும் ஏறி இறங்கி வாங்கிண்டு வந்தேன்.”

“என்னத்தை வாங்கினேள் அப்பா?”

“பழையது தண்ணிதான்.”

அம்மிணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. உங்களுக்கும் புரிந்திருக்கும். ராத்திரி மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பார்களே, அந்தப் பழையது. அதன் மேலே தெளிந்து நிற்கும் புளித்த தண்ணீர். அதை ஒரு வாளி நிறையக் கொண்டுபோய் மீன் தலையில் ஊற்றிவிட்டார்.

“சாதா ஜலமா இருந்தா ஜலம்னு எழுதியிருப்பாரே” என்றார் அப்பா. “பழைய தண்ணின்னு எழுதியிருக்கார். நேத்து ஜலத்தை யாராவது ஆத்துல வெச்சுப்பாளா? விடிஞ்சதும் கொட்டிட்டுப் புதுசு பிடிக்கறோம். அப்போ இது பழையதுதானே? என் பங்கைக்கூட நான் சாப்பிடலை.”

அம்மிணி எதிர்வீட்டுக்குள் ஓடினாள். தொட்டி மோர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. புளிச்ச வாடை வேறு. இரண்டு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்று மூலையில் சாய்ந்து நின்றது. பப்படத்தைத் தேடினாள். அடியில் கரியாகக் கறுத்துப் படுத்திருந்தது. விரலை வைத்தாள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாலும் போய்விட்டால் மாமாவின் முகத்தில் எப்படி விழிப்பது? திரும்பினால் அப்பா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. நோகும் இடுப்போடு பதினோரு வீடு ஏறி இறங்கிய மனுஷன். அவரைப் போய் என்ன சொல்வது?

“மாமா சீட்டுல இன்னும் ஒரு வரி எழுதியிருக்கணும் அப்பா” என்றாள். “வாங்கோ, முதல்ல இதை இறைச்சுடலாம்.”

வாளி வாளியாக இறைத்தார்கள். அடியில் நாலு விரல் தண்ணீரை மட்டும் மீன்களுக்காக விட்டார்கள். மண்சாலில் இருந்த இரண்டு வாளியையும் ஊற்றினாள். தொட்டியில் கால்பங்குகூட நிறையவில்லை. வெளுப்பும் முழுசாகப் போகவில்லை. குழாயில் தண்ணீர் வருவதோ விடிகாலை ஒரு மணி நேரம். அந்தத் தண்ணீர் வந்தாலும் அதில் மருந்து இருக்கும். பகல் ஒரு மணிக்குப் பழைய தண்ணீருக்கு எங்கே போவது?

அம்மிணி யோசித்தாள். மண்பானை. வெயில் காலம் வந்துவிட்டால் எல்லா வீட்டிலும் குடிப்பதற்கென்று ஒரு மண்பானை உண்டு. விடிகாலையில் நிரப்பியது. இத்தனை நேரத்தில் மருந்து வாடை போயிருக்கும். ஆனால் பம்பாய் ஏப்ரலில் ஒரு வீட்டில் போய் ‘உங்கள் பானைத் தண்ணீரைக் கொடுங்கள்’ என்று கேட்பதா?

கேட்டுத்தான் ஆக வேண்டும். ஐம்பத்து நான்கு படியையும் தடதடவென்று இறங்கினாள்.

அகிலாண்டம் மாமி கதவைத் திறந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு மோவாயில் கையை வைத்தாள்.

“கார்த்தால உங்கப்பா வந்து பழையது தண்ணி கேட்டார். இப்போ நீ வந்து பானை ஜலம் கேக்கறே. மீனுக்கு நலங்கு வைக்கப் போறேளோ?”

“மாமி, அது செத்துப் போயிடும்.”

மாமி கேலியை நிறுத்தினாள். “போன வருஷம் எங்காத்து மாமாவுக்கு மாரை அடைச்சப்போ, டாக்ஸி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு போனது யாருன்னு நினைக்கறே? தூக்கு, அந்தப் பக்கம் பிடி.”

அதற்கப்புறம் அம்மிணி அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. மாமியின் குரல் அவளுக்கு முன்னால் படியேறிப் போயிற்று. ஒரு வீட்டில் ஜகந்நாதன் மாமா ரேஷன் கார்டு வாங்கிக் கொடுத்திருந்தார். ஒரு வீட்டுப் பையனுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்திருந்தார். அவர் யாரையும் நன்றி சொல்ல விட்டதில்லை போலிருக்கிறது. எல்லோரும் அந்த நன்றியை வைத்துக்கொண்டு காத்திருந்தது மாதிரி பானையை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

இரண்டாம் மாடி சுப்ரமணியன், பளபளவென்று தேய்த்த செப்புக் குடத்தோடு வந்தார்.

“செம்பு வேண்டாம் மாமா. மீனுக்கு ஆகாது.”

“அரே, கங்கா தீர்த்தமே செப்புலதானே வெச்சிருக்கோம்.”

“மீனுக்கு அது தெரியாது மாமா.”

அவர் சிரித்துவிட்டுப் போய்ப் பானையோடு திரும்பி வந்தார்.

ஒவ்வொரு பானையையும் அம்மிணி முகர்ந்து பார்த்தாள். மருந்து வாடை இல்லை. ஆனால் கையை விட்டால் ஜில்லென்று இருந்தது. பச்சைக் குழந்தையை இதில் குளிப்பாட்ட முடியுமா?

“அம்மா” என்று தங்கள் வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். “கொஞ்சம் பானை ஜலத்தைக் காய்ச்சித் தரயா? எவர்சில்வர் பாத்திரத்துலதான் காய்ச்சணும்.”

அம்மா காய்ச்சினாள். இடுக்கியில் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். நிலைப்படியில் ஒரு நிமிஷம் நின்றாள். தொட்டியில் வாயைத் திறந்து திறந்து மூடும் மீனைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்துவிட்டாள்.

“நகரு. நீ பாட்டுக்குக் கொட்டாதே” என்றாள். பானைத் தண்ணீரையும் வெந்நீரையும் வாளியில் விளாவி, முழங்கையைத் தோய்த்துப் பார்த்தாள். “உன்னைக் குளிப்பாட்டின கை இது. எனக்குத் தெரியாதா சூடு? இப்போ விடு, மெதுவா.”

பதினோரு வீட்டுப் பானையும் காலியாயிற்று. தொட்டி நிரம்பித் தெளிந்தது. மீன்கள் மட்டும் கறுப்பாகவே நின்றன.

சாயங்காலம் மீரான் பாய் வழக்கம்போல் புழு கொண்டுவந்தார். நடந்ததைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. தொட்டிமுன் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“தப்பு எம்மேலதான் பாப்பா. பழையது திங்குத நம்ம ஆளுங்ககிட்ட பழைய தண்ணின்னு சொல்லலாமா?” என்றார். “நீ செய்ததெல்லாம் சரி. இன்னிக்கு தீனி போடாத. வெளிச்சத்தை அமத்திரு. விடிஞ்சதும் நிறம் திரும்பி, தீனிக்கு வந்துட்டா பிழைச்சுக்கிட்டுன்னு அர்த்தம்.”

அன்று மாலை அந்தக் கட்டடம் முழுக்கக் குடங்களில் சூடேறிக் கிடந்த தண்ணீரைக் குடித்தது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அகிலாண்டம் மாமி மட்டும் கொஞ்சம் முணுமுணுத்தாள். அவள் எதற்கும் முணுமுணுப்பவள்தான்.

விடிந்ததும் அம்மிணி சாவியோடு ஓடினாள். பின்னாலேயே அப்பா, அம்மா. மெதுவாக ஜன்னல் திரையை விலக்கினாள். மூன்று மீன்கள் பழுப்பாக, கோடு தெரிய நடுவில் நின்றன. பப்படம் எங்கே?

தொட்டியில் இருந்த நீர்ச்செடிக்குப் பின்னால் இருந்தது. இன்னும் லேசாகக் கறுப்பு. அம்மிணி ஒரு சிட்டிகை புழுவைத் தூவினாள். மூன்றும் வந்தன. பப்படம் யோசித்தது. பிறகு அதுவும் வந்தது. ஒரு புழுவைக் கவ்வியது. தின்றுவிட்டு நேராகக் கண்ணாடிக்கு வந்து அவள் விரலைப் பார்த்தது.

அம்மிணி அப்போதுதான் அழுதாள்.

“அசடு” என்றாள் அம்மா, தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே. அப்பா அன்றைக்கே பதினோரு வீட்டுக்கும் போய்ப் பானைகளைத் திருப்பிக் கொடுத்து, “ரொம்ப உபகாரம்” என்று சொல்லிவிட்டு வந்தார். எவ்வளவு சொல்லியும் இடுப்பைப் பற்றிக் கவலைப்படவில்லை.

எட்டாம் நாள் மாமா வந்தார். கீழே டாக்ஸி நின்ற சத்தம் கேட்டது. ஆள் மட்டும் மேலே வரவே இல்லை. கீழ்வீட்டில் மாமி முழுக் கதையும் சொன்னாள். முதல் மாடியில் மறுபடியும் சொன்னார்கள். இரண்டாம் மாடியில் சுப்ரமணியன் செப்புக் குடத்திலிருந்து ஆரம்பித்தார். ஐம்பத்து நான்கு படி ஏற மாமாவுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அம்மிணி தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு மாமா அவள் பின்னால் வந்து நின்றார். நாலு மீனும் தெளிந்த தண்ணீரில் நிதானமாகத் திரிந்தன.

“அம்மிணி, நீ பண்ணினதுக்கு நான் உனக்கு எப்படி...”

“பேசாதீங்கோ மாமா” என்றாள் அம்மிணி, திரும்பாமலே. “எண்ணிண்டிருக்கேன். தப்பிடும்.”

மாமா வாயை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் எண்ணி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. தொட்டியில் இருந்தது மொத்தமே நாலு மீன்தான்.